பெனலுக்குப் பின்னால் ஒரு சாண்

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் மாரி காலத்தில் ஒருநாள் கல்முனைக்குடிக் கடற்கரைப் பக்கம் வந்து, அந்த இரும்புக் கதவுக்குள் கால் மணித்தியாலம் தனியே நின்று பார்க்கட்டும். அதற்குப் பிறகு என்னோடு வாதாடலாம்.

எனக்கு அறுபத்தெட்டு வயது. இரண்டு கண்ணிலும் வில்லை வைத்தாயிற்று. காது மட்டும் இன்னும் பழையபடி. ஆட்களின் முகம் எனக்கு மறந்துபோகும். அவர்கள் சொன்ன பேச்சு மறக்காது. ஆகவே, நடந்ததை அவரவர் பேசியபடியே எழுதுகிறேன். ஒரு சொல் கூட்டவில்லை.

எங்கள் வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஐஸ் பெக்டரி. என் மகள் றினோஸாவின் மாப்பிள்ளை இன்ஷாப் அங்கேதான் எலக்றீசியன். எங்கள் பக்கத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை; மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அப்படி அவர் வந்து எட்டு வருடமாகிறது.

இந்த எட்டு வருடத்தில் நான் அவரோடு நேருக்கு நேர் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. இந்தக் காலத்து மாமிமார் மருமகனோடு ஒரே கதிரையில் இருந்து டீவி பார்க்கிறார்கள். நான் அப்படி வளரவில்லை. அவர் கூடத்தில் இருந்தால் நான் குசினி அடுப்படியில். அவருடைய முகத்தை நான் ஒழுங்காகப் பார்த்தது கலியாண அல்பத்தில்தான். எங்கள் பேச்செல்லாம் நடுவில் றினோஸாவை வைத்துத்தான்.

"றினோஸா, உம்மாட்ட கேளு, இண்டைக்கு என்ன கறி எண்டு."

"மகள், சொல்லு, சூரை மீன் எண்டு."

"ரெண்டு பேருக்கும் காது கேக்குதுதானே! நான் என்ன டெலிபோன் எக்சேஞ்சா?"

அவள் கத்துவாள். நாங்கள் மாறவில்லை. அவள் வீட்டில் இல்லாத நாட்களிலும் அவள் பெயரைச் சொல்லியே கதைத்துக்கொள்வோம். வெறும் வீட்டில், "றினோஸா, உம்மாட்ட சொல்லு, நான் வெளிய போறன் எண்டு" என்பார். "மகள், குடையக் கொண்டு போகச் சொல்லு" என்பேன் நான். அவ்வளவுதான் எங்கள் மரியாதை.

அந்த அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெக்டரியின் பின்பக்கம், எங்கள் மதிலோரம் இருக்கிறது. சப்ஸ்டேசன் என்பார்கள். பெரிய லைனில் வரும் கரண்ட் அதற்குள் புகுந்துதான் பெக்டரிக்குத் தேவையான அளவுக்குக் குறைந்து போகிறது. உள்ளே இரும்பு அலுமாரிகள் போல வரிசையாகப் பெனல்கள். ஜன்னல் கிடையாது. கடற்காற்று புகக்கூடாது என்று காற்றுத் துவாரங்களையும் தகரத்தால் அடைத்திருந்தார்கள். கதவைச் சுற்றி, பிரிட்ஜ் கதவில் இருப்பது போல, றப்பர் பட்டி.

எல்லாம் ஈரத்துக்குப் பயந்துதான். ஐஸ் தண்ணீர் ஊற்றிய கிளாஸ் வெளியே வியர்க்கும் அல்லவா? அதைப் போல மாரியில் அந்த இரும்பும் உள்ளே வியர்க்குமாம். வியர்த்திருக்கும் நேரம் கரண்டைக் கொடுத்தால் பெனல் வெடிக்கும். முன்னால் நிற்கிற ஆள் மிஞ்ச மாட்டார். அதற்காக இரவு பகலாக ஹீற்றர் எரியும். மூலையில் ஒரு மெசின் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வாளியில் சொட்டு சொட்டாக விடும். சுவரில் வட்டமாக, ஈரத்தை அளக்கும் ஒரு மீற்றர். முள் அறுபதுக்குக் கீழே நின்றால் நல்லது. எண்பதைத் தாண்டினால் மெயினைத் தொடவே கூடாது.

மெயின் சுவிட்ச் உள்ளே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம், பம்ப் கொட்டிலில் இருக்கிறது.

வாளியை ஊற்றுவது றினோஸாவின் வேலையாக இருந்தது. அவளுக்குப் பிள்ளை பிறந்து நாற்பது முடியவில்லை. நாற்பதுக்குள் வெளியே இறங்கக்கூடாது. ஆகவே, அந்த மாதம் வாளி என் கைக்கு வந்தது.

போன மார்கழி. விடியச் சுபஹுக்கு முன்பே கரண்ட் போய்விட்டது. எங்கோ லைனில் மரம் விழுந்ததாம். நாள் முழுக்க மழை. ஹீற்றர் இல்லை. ஈரம் உறிஞ்சும் மெசினும் இல்லை. பெனலைச் சூடாக்க ஒரு சின்ன ஜெனரேட்டர் எடுத்து வருகிறேன் என்று இன்ஷாப் அக்கரைப்பற்றுக்குப் போயிருந்தார். அஸர் தொழுதுவிட்டு இருந்தேன். றினோஸா போனைக் காதில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"உம்மா, அவர் சொல்றார், அந்த வாளித் தண்ணிய வெளிய ஊத்திட்டு, மீற்றர் எத்தினையில நிக்குது எண்டு பாத்து வரட்டாம்."

"சொல்லு, போறன் எண்டு."

டோர்ச்சையும் குடையையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். வாசலில் காவல்கார அப்துல் ஸமட் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்.

"உம்மு ராத்தா, தனியவா போறீங்க?"

"பின்ன? ஊர்வலமாவா போற?"

அவர் சிரிக்கவில்லை.

"கதவைத் திறந்து வெச்சிட்டே வேலையப் பாருங்க."

"நல்ல கதை. ஈரம் போகுமே."

"போனாப் போகட்டும், ராத்தா."

அதற்கு மேல் அவர் என்னைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் கதவைத் திறந்தபோது நாலே முக்கால். உள்ளே இருட்டு. டோர்ச்சை அடித்தேன். சுவரெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். பெனல்களும் வியர்த்திருந்தன. வாளியில் அரைவாசித் தண்ணீர். தூக்கி வெளியே ஊற்றினேன். திரும்ப வந்து மெசினுக்குக் கீழே வைத்தேன். மீற்றரைப் பார்க்கத் தலையை நிமிர்த்தினேன்.

"கதவைச் சாத்துங்க, மாமி. ஈரம் வரும்."

பெனலுக்குப் பின்னாலிருந்து வந்தது குரல். இன்ஷாபின் குரல்தான். மூக்கடைத்தது போன்ற அதே குரல். அக்கரைப்பற்றிலிருந்து வந்து, பின்பக்கம் நின்று ஏதோ வேலை செய்கிறார் என்று நினைத்தேன். முந்தானையை இழுத்துத் தலையைப் போர்த்திக்கொண்டேன். ஒன்றுதான் உறுத்தியது. எட்டு வருடத்தில் முதல் தடவையாக நேராக மாமி என்கிறார். அவசர வேலை, றினோஸாவும் இல்லை, என்ன செய்வார் பாவம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போய்க் கதவைச் சாத்தினேன்.

டக்.

வெளித் தாழ்ப்பாள் விழுந்த சத்தம். அது தானாக விழுகிற தாழ்ப்பாள் இல்லை.

மழைச் சத்தம் அப்படியே நின்றுபோயிற்று. யாரோ என் காதில் பஞ்சு வைத்தது போல.

"மீற்றர் எத்தினை, மாமி?"

அவர் பக்கம் பார்க்காமல், வாளியைப் பார்த்துச் சொன்னேன். "மகள், மருமகனுக்குச் சொல்லு, எழுபத்தி நாலு."

பெனலுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"காணாது."

போதாதாம். எனக்கு விளங்கவில்லை. கூடிப்போச்சு என்றுதானே சொல்ல வேண்டும்? ஈரம் குறையத்தானே வேண்டும்? நாக்குத் தவறிச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

டொக்.

திரும்பிப் பார்த்தேன். நான் வெறுமையாக வைத்த வாளி.

டொக்... டொக்...

மெசினுக்குக் கரண்ட் இல்லை. விடியலிலிருந்து அது ஓடவேயில்லை. ஆனால், அதன் வாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியாது.

சூடாக இருந்தது.

"இப்ப எத்தினை, மாமி?"

டோர்ச் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. முள் எண்பத்து மூன்றில் நின்றது. நான் வந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

"எண்பத்தி மூணு."

"காணாது."

இங்கே நிற்பது சரியில்லை. மீற்றரைப் பார்த்தாயிற்று, வாளியை ஊற்றியாயிற்று, போவோம் என்று கதவடிக்கு வந்தேன். கைபிடியைத் திருகினேன். அது சுற்றிச் சுற்றி வந்தது. எதையும் பிடிக்கவில்லை. தோளால் தள்ளினேன். றப்பர் பட்டி ஒட்டிக்கொண்டது போலக் கதவு அசையவில்லை.

"கதவைத் திறக்க வேணாம். ஈரம் வரும்."

அந்த நேரம்தான் சுவருக்கு அந்தப் பக்கம், பம்ப் கொட்டிலில், ஆள் நடக்கும் சத்தம் கேட்டது. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலப் பேச்சும் கேட்டது.

"ஓம் முதலாளி... இப்பதான் வந்து இறங்கினன்... ஓம், லைன் வந்திட்டு... ஐஸ் கரையுது, தெரியும்... இந்தா போடுறன்..."

இன்ஷாபின் குரல்.

சுவருக்கு அந்தப் பக்கம் இன்ஷாப்.

அப்படியென்றால், பெனலுக்குப் பின்னால்...?

"இப்ப எத்தினை, மாமி?"

டோர்ச்சைத் தூக்கினேன். தொண்ணூற்றொன்று.

நான் சொல்லவில்லை. வாயைத் திறக்கவேயில்லை.

"இப்ப சரி" என்றது.

டோர்ச் அணைந்தது.

சுவரில் இரண்டு கையாலும் அடித்தேன். "போட வேணாம்! உள்ளுக்க நான் இரிக்கன்! போட வேணாம்!" என்று கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. ஈரத் துணியை வாயில் அடைத்துக்கொண்டு கத்துவது போல இருந்தது.

பெனலுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

ஆண் செருமல் இல்லை.

நான் செருமுகிற மாதிரி.

டொக்... டொக்... அந்தச் சத்தம் மட்டும்.

வெடிக்கப் போகிறது என்று காத்திருந்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஆயத்துல் குர்ஸியை ஓதினேன். நாற்பது வருடமாகத் தினமும் ஓதுகிறேன். இரண்டு இடத்தில் தடுமாறி, திரும்ப எடுத்து, முடித்தேன்.

"ஓதி முடிஞ்சா, மாமி?"

என் முகத்துக்கு நேராக.

பின்னால் நகர்ந்தேன். கால் வாளியில் பட்டு அது உருண்டது. சூடான தண்ணீர் பாதத்தில் ஓடியது. எந்தப் பக்கம் கதவு, எந்தப் பக்கம் பெனல் என்று திசை தவறிப்போயிற்று. கையை நீட்டிய இடமெல்லாம் இரும்பு. எல்லாம் ஈரம்.

"இஞ்சால வாங்க, மாமி. நான்தான். கதவைத் திறந்திட்டன். இந்தக் கைபிடியப் பிடிங்க."

வலப்பக்கம்.

அன்பான குரல். அவசரமில்லாத குரல்.

அந்தப் பக்கம் ஓர் அடி வைத்தேன். விரல் நுனியில் ஒரு கைபிடி பட்டது. ஜில்லென்று இருந்தது.

"பிடிங்க, மாமி."

அப்போது இடப்பக்கம் வெகு தூரத்திலிருந்து...

"றினோஸா..."

கையை எடுத்துவிட்டேன்.

"றினோஸா, உம்மாட்ட கேளு... உள்ளுக்க இரிக்கிறாவா எண்டு..."

றினோஸா அங்கே இல்லை. அவள் வீட்டில், நாற்பது நாளுக்குள், பிள்ளையோடு. இல்லாத அவளிடம் சொல்லிக்கொண்டு நிற்கிற ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான்.

"அது நானில்ல, மாமி. இஞ்சால வாங்க."

"றினோஸா, உம்மாட்ட சொல்லு, கதவடிக்கு வரட்டாம்..."

"மாமி."

"றினோஸா..."

"மாமி."

நான் என்னை மாமி என்று கூப்பிடாத குரலின் பக்கம் ஓடினேன். கதவில் போய் மோதினேன். உள்ளேயிருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

"மகள்! மருமகனுக்குச் சொல்லு! தொண்ணூத்தொண்ணு! மெயினைத் தொட வேணாம்!"

கதவு திறந்தது.

மழையில் விழுந்தேன். அந்த நிலையிலும் முந்தானையைத் தேடித் தலையில் போட்டுக்கொண்டேன். அவர் மழையில் மறுபக்கம் திரும்பி நின்றுகொண்டு, "றினோஸா, உம்மாவ எழும்பச் சொல்லு, நான் ஸமட் நானாவைக் கூப்பிடுறன்" என்றார். அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

தூரத்துப் பள்ளிவாசலில் அந்தி மஃரிபுக்குப் பாங்கு கேட்டது. உள்ளே நான் நின்றது பத்து நிமிடம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு மணித்தியாலம் போயிருந்தது.

அன்று மெயினைப் போடவில்லை. முதலாளி கத்தினாராம். ஐஸ் முழுக்கக் கரைந்து கடலுக்கு ஓடியது. அடுத்த நாள், கொண்டு வந்த ஜெனரேட்டரால் அறையைக் காய வைத்துவிட்டுத்தான் போட்டார்கள். பெனலுக்கும் பின்சுவருக்கும் இடையில் எவ்வளவு இடம் என்று அளந்து வரச் சொல்லி றினோஸா மூலம் கேட்டேன்.

ஒரு சாண். பூனை புகலாம். ஆள் புக முடியாது.

இரவு, கூடத்தில் அவர். குசினியில் நான். நடுவில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு றினோஸா.

"மகள், கேளு, மெயினைப் போடாம ஏன் கதவடிக்கு வந்தார் எண்டு."

"றினோஸா, உம்மாட்ட சொல்லு... முதலாளி அவசரப்படுத்தினதால சுவிட்சில கை வெச்சிட்டன். அப்ப சுவருக்கு அங்கால உம்மாட குரல் கேட்டிச்சு."

நான் கத்தியது அவருக்குக் கேட்டிருக்கிறது என்று நினைத்தேன். அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

"உம்மா 'போட வேணாம்' எண்டு கத்தினாவாம்" என்றாள் றினோஸா.

"இல்ல" என்றார் அவர். "உம்மா கத்தல்ல. தொண்டையச் செருமிட்டு, மெதுவாச் சொன்னா. 'மருமகன், மீற்றர் அம்பத்தெட்டு. நல்லாக் காஞ்சிட்டு. போடுங்க' எண்டு."

என் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை கீழே விழுந்து உடைந்தது.

"எட்டு வருசமா என்னோட நேர கதைக்காத மனிசி, இண்டைக்கு மட்டும் ஏன் மருமகன் எண்டு கூப்பிடுறா? அதுதான் எனக்குப் பிடிபடல்ல. கையை எடுத்திட்டு வந்தன்."

பிறகு றினோஸா, "இனியாவது ரெண்டு பேரும் நேர கதைக்கலாமே" என்று அழுதாள்.

"வேணாம்" என்றேன். அதே நேரம் கூடத்திலிருந்தும் "வேணாம்" என்று கேட்டது.

இதோடு நிற்கவில்லை. நாலைந்து நாள் கழித்து அப்துல் ஸமட் எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. படியில் குந்திக்கொண்டார்.

"ராத்தா, அது உங்களோட கதைச்சதா?"

"எது?"

"தெரியாத மாதிரிக் கேக்க வேணாம்."

நான் கதவு மறைவில் நின்றேன். "நீங்க முதல்ல சொல்லுங்க, ஸமட்."

"உங்கட மருமகனுக்கு முந்தி இஞ்ச இருந்த மஜீட் எலக்றீசியனை உங்களுக்கும் தெரியும். இதே மாரிதான். உள்ளுக்க பெனலைத் துடைச்சிட்டு இருந்தார். நான் கொட்டிலில நிக்கன். 'ஸமட், காஞ்சிட்டு, போடு' எண்டார். போட்டன்." அவர் உள்ளங்கையைப் பார்த்தார். "அவர் சொல்லாம நான் போட்டன் எண்டுதான் ஊர் முழுக்கச் சொல்லிச்சு. மஜீட்ட பொஞ்சாதி இண்டைக்கும் என்ட சலாத்துக்குப் பதில் சொல்றல்ல. பதினொரு வருசம், ராத்தா. நீங்க ஒருத்தர்தான் உயிரோட வந்தது. சொல்லுங்க, அது கதைச்சதா?"

"கதைச்சிச்சு" என்றேன்.

அவர் முகத்தைச் சாரனால் மூடிக்கொண்டு குலுங்கினார்.

"போய் அந்தப் பொஞ்சாதிக்கு நான் சொல்றன்" என்றேன். "இண்டைக்கே போறன். அவக்கு முன்னால, பள்ளிவாசல்ல வெச்சுக் கேட்டாலும் சொல்றன்."

அவர் தலையாட்டினார். எழுந்தார். படியிறங்கி மதிலடிவரை போனவர் திரும்பி வந்தார்.

"ஒண்டு மட்டும் நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. பொலிசுக்கும் சொல்லல்ல. விசர் எண்டு கட்டி வெச்சிருப்பாங்க." குரலைத் தாழ்த்தினார். "வெடிச்ச உடன கதவடிக்கு ஓடினன். கதவிடுக்கால புகை வருது. மஜீட் அப்பவே மௌத்து. ஆஸ்பத்திரியில அப்பிடித்தான் சொன்னாங்க, அந்தச் செக்கனே போயிட்டார் எண்டு. நான் தாழ்ப்பாளில கையை வெச்சன். உள்ளருந்து மஜீட்ட குரல்..."

"என்ன சொல்லிச்சு?"

நான் உள்ளே கேட்ட எல்லாவற்றையும் றினோஸாவுக்குச் சொல்லியிருந்தேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அதை நினைத்தாலே பாதம் ஈரமாவது போல இருக்கும். அந்த ஒன்றை நான் முதன்முதலாக வெளியே சொல்வது இதை எழுதும் இந்த நேரத்தில்தான்.

ஸமட் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"'கதவைத் திறக்க வேணாம். ஈரம் வரும்.'"